தொட்டாச்சுருங்கி முற்றம்

கேற்றைத் திறந்ததும் வெட்டின புல்லின் மணம் வந்தது. பச்சை மணம், ஈர மணம், மெசின் உருண்டு போன சூட்டோடு எழும்பி மூக்குக்குள் ஏறுகிற மணம். பத்மாதேவி ஒரு கையில் குடையும் மறு கையில் பள்ளிக்கூடப் பையுமாக அப்படியே நின்றுவிட்டாள். மணத்தில் ஒரு பிழையும் இல்லை, நல்ல மணம்தான். ஆனால் இந்த வளவில் வெட்டுவதற்குப் புல் என்று ஒரு நுனிகூடக் கிடையாது. முழுவதையும் அவளே மண்வெட்டி பிடித்துக் கிளறி, வேரோடு உதறி, காயவைத்து எரித்து முடித்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

பக்கத்து வளவில் யாராவது வெட்டியிருப்பார்கள் என்று எட்டிப் பார்த்தாள். பக்கத்து வளவு ஹவ்வா உம்மாவுடையது. அங்கே கோழி கிளறின வெறும் செம்மண். மூக்குக்கென்ன, வேலையில்லாமல் எதையாவது மணக்கும் என்று தன்னைத்தானே பேசிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் விறாந்தைக் கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இன்னொருதரம் இழுத்துப் பார்த்தாள்.

கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து மேலே ஏறுகிற ஒழுங்கையின் முடிவில் இருந்தது அந்த வீடு. கண்டியில் தமிழன் வீடு வாங்குவது விசர் வேலை என்று ஒருவரும் சொல்லாத காலத்தில் அவளுடைய புருசன் நவரட்ணராஜா வாங்கினது. வாங்கும்போதே முன்னால் பெரிய புல்தரை இருந்தது. யாழ்ப்பாணத்து மனுசிக்கு முற்றம் என்றால் கூட்டிப் பெருக்கின வெள்ளை மணல். புல்லைக் கண்டால் கை விளக்குமாற்றைத் தேடும். கந்தோர் ஆட்கள் வந்தால் கதிரை போட்டு இருக்க வடிவாயிருக்குமென்று அவர் சொல்ல, சரி கிடக்கட்டும் என்று விட்டாள். எழுபத்தேழுக் கலவரத்தில் ஓட்டுக்குக் கல் விழுந்தது. எண்பத்துமூன்றில் யன்னல், கதவு, அலுமாரி எல்லாம் எரிந்தன. புருசனும் பெண்சாதியும் ஹவ்வா உம்மா வீட்டுப் பின்னறையில் மூச்சுக் காட்டாமல் கிடந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் வீடு கரிபிடித்து நிற்கிறது, புல்தரை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரிப் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. அன்றைக்கே அவளுக்கு அந்தப் புல்லில் ஒரு வெறுப்பு விழுந்துவிட்டது.

இப்போது எண்பத்தொன்பது. இந்தமுறை தமிழன், சிங்களவன் என்றில்லை, எல்லார் வீட்டுக்குள்ளும் பயம். வேலைக்குப் போனால் சுடுவோம் என்று கிளர்ச்சிக்காரப் பகுதி. போகாவிட்டால் வந்து தூக்குவோம் என்று அரசாங்கப் பகுதி. நம்பர் பிளேட் இல்லாத வாகனங்கள் ஓடித் திரிந்தன. மகாவலி ஆற்றில் மிதந்து வருகிறவை பற்றிச் சந்தையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் ஆற்று மீன் வாங்குவதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். நவரட்ணராஜா அரசாங்கக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞர். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், பொழுது படுகிற நேரம் திரும்பி வருவார். அந்த மனுசன் உயிரோடு வீடு வந்து சேர வேண்டும். பத்மாதேவிக்கு உலகத்தில் வேறு ஒரு கவலையும் மிச்சமிருக்கவில்லை.

புல் வெட்ட வருகிறவன் அழகையா, மஹய்யாவ பக்கத்து ஆள். பின்கொட்டிலில் கிடக்கும் தள்ளுமெசினை எடுத்து வந்து கேற்றடியில் தொடங்குவான். மதிலிலிருந்து வேலி வரைக்கும் ஒரு வரிசை. திரும்பி, வேலியிலிருந்து மதில் வரைக்கும் அடுத்த வரிசை. கயிறு கட்டின நேர். அப்படியே வரிசை வரிசையாக வீட்டை நோக்கி வந்து விறாந்தைப் படியில் முடிப்பான். கதைக்கிற ஆள் இல்லை. முடித்ததும் "ஆயிருச்சுங்க அம்மா" என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

போன வருசம் ஒரு நாள் பின்னேரம் அவனுடைய பெண்சாதி கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அவரு ஒங்க வீட்டுக்குத்தான் புல்லு வெட்டப் போறேன்னு காலையில கெளம்புனாரு. இன்னும் வரலீங்க."

"இஞ்சை வரேல்லையே" என்றாள் பத்மாதேவி. வரவில்லைதான். காலையிலிருந்து அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நவரட்ணராஜா அந்த மனுசியைக் கூட்டிக்கொண்டு தெரிந்த இடமெல்லாம் போய்க் கேட்டார். எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். வீதியில் ஏதோ வாகனம் நின்றதாக ஒரு கடைக்காரன் சொன்னான். மறுநாள் அவனும் அப்படிச் சொல்லவில்லை என்றான்.

அதற்குப் பிறகு புல் முழங்காலளவு வளர்ந்தது. வேறு ஆள் பிடிக்கவும் மனம் வரவில்லை. பத்மாதேவி விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்.

"இஞ்சருங்கோ, புல்லைக் கிளப்பிப்போட்டுத் தொட்டாச்சுருங்கி போடப்போறன்."

"பத்மா, உமக்கென்ன விசரே? ஆரும் முள்ளை நட்டு வளர்ப்பினமே? பாம்பு வந்து படுக்கப்போகுது."

"தண்ணி ஊத்தத் தேவையில்லை, வெட்டத் தேவையில்லை, பசளையும் தேவையில்லை. தேனீ வரும், வண்ணாத்திப்பூச்சி வரும். உந்தப் புல்லுக்கு இவ்வளவு காலம் ஆர் வந்தது, சொல்லுங்கோ?"

அவர் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். இன்னொரு காரணத்தை அவள் அவருக்குச் சொல்லவில்லை. பகலில் வீட்டில் ஆளில்லாத நேரம் யாராவது வளவுக்குள் இறங்கி நடந்தால் இலை சுருங்கும். சுருங்கின இலை விரிய ஓர் உலை கொதிக்கிற நேரம் பிடிக்கும். பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஒரு பார்வை பார்த்தால் போதும். சுருங்கிக் கிடந்தால் ஆள் இப்போதுதான் போயிருக்கிறான், அல்லது இன்னும் உள்ளே நிற்கிறான். நாயை நம்ப முடியாது, விசுக்கோத்துக்கு விலைபோகும். செடி விலைபோகாது.

கேற்றிலிருந்து விறாந்தைக்குப் போகும் சீமெந்துப் பாதையை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் முழுவதும் தொட்டாச்சுருங்கி போட்டாள். ஓரங்களில் வல்லாரை, வெட்சி, நாலைந்து கறிவேப்பிலைக் கன்று. ஹவ்வா உம்மா வேலிக்கு மேலால் பார்த்துப் பார்த்துச் சிரித்தா.

"அல்லாவே, ஊரெல்லாம் இத புடுங்கி எறியிறாங்க, நீங்க காசு குடுத்து வாங்கின பூக்கன்று மாதிரி நட்டு வளக்கிறீங்களே டீச்சர்!"

சிரித்த மனுசியே பிறகு வியந்தா. மழை வந்துபோன கையோடு முற்றம் முழுக்க மெத்தையாகப் பிடித்துவிட்டது. உருண்டை உருண்டையாக ஊதாப்பூ. விடியப்புறம் தொடங்கினால் தேனீக்களின் இரைச்சல் பத்து வீட்டுக்குக் கேட்கும். கறிவேப்பிலையில் கறுப்பு வண்ணாத்திப்பூச்சி முட்டை வைத்தது. செண்பகப்பறவை வந்தது, கீரி குட்டிகளோடு வந்தது. அந்த வருசத்தில் பத்மாதேவி மனம் விட்டுச் சிரித்ததென்றால் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான்.

அந்த முற்றத்தில்தான் இப்போது வெட்டின புல் மணத்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது மணம் இன்னும் கூடுதலாக இருந்தது. கேற்றைச் சாத்திவிட்டுத் திரும்பினவள் கண்டுவிட்டாள். கேற்றடி ஓரத்தில், மதிலிலிருந்து வேலி வரைக்கும், ஒரு முழ அகலத்துக்கு இலையெல்லாம் சுருங்கிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் விரிந்து வெயில் குடித்துக்கொண்டிருக்க அந்த ஒரு கீலம் மட்டும் மண்ணோடு மண்ணாகப் படிந்திருந்தது.

நாயாயிருக்கும் என்று நினைத்தாள். நாய் கோடு போட்டு நடக்குமா? காற்று என்று நினைத்தாள். காற்று ஒரு முழம் அளந்து அடிக்குமா? பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மதில் பக்கத்து இலைகள் மெல்ல விரியத் தொடங்கின. வேலிப் பக்கத்து இலைகள் இன்னும் இறுகிக் கிடந்தன. மதிலடியில் தொடங்கி வேலிக்குப் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்து அதிக நேரம் ஆகவில்லை.

"ஆர் அது?" என்று கேட்டாள். வேலிக்கு அங்கால் ஹவ்வா உம்மாவின் கோழி ஒன்று கொக்கரித்தது.

மறுநாள் அடுத்த கீலம். அதே முழம், அதே நேர். இந்தமுறை வேலிப் பக்கத்திலிருந்து விரிந்துகொண்டு வந்தது. போனது திரும்பி வந்திருக்கிறது.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. எத்தனை வருசம் இதே விறாந்தையில் இருந்து பார்த்த நடை அது. பையையும் குடையையும் பாதையிலேயே போட்டுவிட்டு ஓடி உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள்.

அன்றைக்குப் பொழுது படுகிறபோது நவரட்ணராஜா வந்தார். அவள் அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். என்ன பிரயோசனம்? பொழுது பட்டால் தொட்டாச்சுருங்கி தன்பாட்டில் உறங்கிவிடும். முழு முற்றமும் ஒரே சீராகச் சுருங்கிக் கிடந்தது.

"எல்லாம்தானே சுருங்கிக் கிடக்குது. இதிலை நீர் எதைக் காட்டுறீர்?"

"வந்து வந்து கிட்ட வருகுதப்பா. நாளுக்கொரு வரிசை. ஒரு நாளைக்கு இந்தப் படிக்கு வந்திடும்."

"வந்து?"

உங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறது என்று எப்படி வாயால் சொல்வது? அழுதாள். கொழும்பில் அவளுடைய தம்பி தியாகராஜா வீட்டுக்குப் போய்விடுவோம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். லீவு கேட்டிருக்கிறேன், மாதக் கடைசியில் போவோம் என்றார். அவளுடைய தலையைத் தடவி, "பயந்து பயந்து உமக்குக் கண்ணெல்லாம் பேய் காட்டுது" என்றார். அவருக்கும் பயம்தான், வேறு பயம்.

கொட்டிலைத் திறந்து பார்க்க வேண்டுமென்று அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. ஒரு சனிக்கிழமை நல்ல வெயிலில் திறப்பை எடுத்துக்கொண்டு போனாள். ஆமைப்பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் விட்டுத்தான் திறந்தாள். மெசின் மூலையில் நின்றது. பிடியிலிருந்து சுவர் வரைக்கும் சிலந்தி வலை, ஒரு நூல் அறவில்லை. அப்பாடா என்று குனிந்தவள் உருளையைப் பார்த்தாள். உருளை ஈரமாக இருந்தது. ஊதாப்பூவின் தூள் அதில் அப்பியிருந்தது.

வரிசைகள் வந்துகொண்டேயிருந்தன. வெட்சியைத் தாண்டின. கதிரை போடுகிற இடத்தைத் தாண்டின. கீரி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. செண்பகத்தின் சத்தம் இல்லை. தேனீக்கள் மட்டும் வந்தன, அவையும் கேற்றடிப் பூக்களில் மட்டும்.

ஒரு நாள் அவள் நேரிலேயே கண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, யன்னல் சீலையை விலக்கிப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து நின்றாள். வெயில் உச்சிக்கு வந்து சரிந்தது. காற்று இல்லை. திடீரென்று மதிலடியில் ஒரு பூவிலிருந்த வண்ணாத்திப்பூச்சி எழும்பியது. அடுத்த பூவிலிருந்து இன்னொன்று. பிறகு இலை. ஒரு முழ அகலத்தில் இலை மடிந்தது. அதற்கு அடுத்தது மடிந்தது. அதற்கு அடுத்தது. அவசரமில்லாத நடை. ஒரு வேலைக்கார மனுசனின் நடை. வேலி வரைக்கும் போய் நின்றது. சத்தமே இல்லை. வெட்டின புல்லின் மணம் மட்டும் யன்னலால் உள்ளே வந்து அவளுடைய முகத்தில் மோதியது.

கடைசி வரிசை ஒரு புதன்கிழமை வந்தது. பத்மாதேவி கம்பிக் கதவுக்கு உள்ளே, திருநீற்றை நெற்றியிலும் கதவிலும் அள்ளிப் பூசிக்கொண்டு, கம்பிகளை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். படிக்குக் கீழே இலைகள் மடிந்துகொண்டு வந்தன. அவளுக்கு நேரே வந்தன. ஓரிடத்தில் நின்றன. நின்றது எதுவோ, அது அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவளுக்கு அது தோலில் தெரிந்தது. அவருக்கு ஒன்றும் செய்துவிடாதே, ஐயா, ஒன்றும் செய்துவிடாதே என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். பிறகு மடிப்பு நகர்ந்தது. வேலி வரைக்கும் போய் முடிந்தது. வீட்டைச் சுற்றிக் கொட்டில் பக்கம் இரும்புச் சில்லு கல்லில் உருளுகிற சத்தம் கேட்டது. அதுவும் நின்றது.

அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கும் பொழுதுபட நவரட்ணராஜா வழக்கம்போல வந்து, சப்பாத்தைக் கழற்றி, தேத்தண்ணி கேட்டார். பத்மாதேவி குசினிக்குள் போய் முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பாவம் அழகையா. வேலைக்கென்று வெளிக்கிட்டவன், வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறான். வேறு ஒன்றுமில்லை. இவ்வளவு நாளும் அந்தப் பாவியை நினைத்தா பயந்தேன் என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அன்றிரவு நன்றாக உறங்கினாள்.

விடிய அவர் பிந்திவிட்டார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்ற அவசரத்தில் குடையை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். தினமும் வாசலில் நின்று "போட்டு வாறன்" என்று அவர் சொல்ல வேண்டும், அவள் கேட்க வேண்டும். இந்தக் கெட்ட காலத்தில் அதைக் கேட்காமல் அவள் அவரை ஒரு நாளும் விட்டதில்லை. வெளிக்கிட்டுப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். தாய் அடித்துப் படிப்பித்தது. எதை விடுவது, எதைச் செய்வது? கேற்றடிக்குப் போய்விட்டார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சருங்கோ!"

அவர் திரும்பினார். முகத்தில் எரிச்சல்.

"என்னப்பா? பின்னாலை நிண்டு கூப்பிடுறீர்?"

"சொல்லிப்போட்டுப் போங்கோ."

"சரி. போட்டு வாறன்."

"வடிவாய்ச் சொல்லுங்கோ. எனக்குப் பயமாயிருக்கு."

அவர் எரிச்சல் மறந்து சிரித்தார். "போட்டு வாறன், பத்மா. கட்டாயம் வாறன்." கேற்றைச் சாத்திக்கொண்டு போனார். குடையின் கறுப்பு மதிலுக்கு மேலால் தெரிந்து தெரிந்து மறைந்தது.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் அரைநேரத்தோடு விட்டுவிட்டார்கள். கண்டி ரவுணில் ஏதோ பிரச்சினையாம். என்ன பிரச்சினை என்று கேட்டாள்; ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கம்பிக் கதவைப் பூட்டிவிட்டு விறாந்தைக் கதிரையில் வல்லாரை ஆய்ந்துகொண்டு இருந்தாள். புல் மணம் இல்லை. முற்றம் முழுக்க விரிந்து கிடந்தது. ஓர் இலைகூடச் சுருங்கவில்லை. தேனீக்கள் விறாந்தைப் படி வரைக்கும் வந்து இரைந்தன. அடேயப்பா, எவ்வளவு வடிவு என்று நினைத்தாள்.

நிமிர்ந்தபோது நவரட்ணராஜா கேற்றுக்கு உள்ளே நின்றார்.

கேற் திறந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன! மனுசன் வந்துவிட்டார். இன்னும் பின்னேரம்கூட ஆகவில்லை, வந்துவிட்டார். நெஞ்சு நிறைந்து, வல்லாரை மடியிலிருந்து சிந்த, திறப்பைத் தேடி எடுத்தாள்.

அவர் சீமெந்துப் பாதையால் வரவில்லை. இறங்கி நேரே முற்றத்துக்குள் நடந்தார்.

"முள்ளு, முள்ளு! பாதையாலை வாங்கோ!" என்று கத்தினாள்.

அந்த முள்ளை ஒவ்வொரு நாளும் திட்டுகிற மனுசன். இன்றைக்குச் சப்பாத்துப் போடவில்லை. கையில் குடையும் இல்லை. மழையும் இல்லை, ஆனால் தலை தெப்பமாக நனைந்து மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. அவளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவள் அவருடைய காலைப் பார்த்தாள்.

வெறும் கால். இலைக்கு மேல் விழுந்தது. எடுபட்டது. மறுபடி விழுந்தது.

இலை மடியவில்லை.

அவள் கண்ணைக் கசக்கினாள். பார்த்தாள். ஒரு பூவில் தேனீ இருந்தது. கால் அந்தப் பூவின்மேல் வந்தது. கால் போனது. தேனீ இருந்தது. குடித்துக்கொண்டிருந்தது.

அவருக்குப் பின்னால் முற்றம் முழுவதும் விரிந்த பச்சை. ஒரு கோடு இல்லை. ஓர் அடி இல்லை.

படி ஏறினார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"பத்மா, கதவைத் திறவும். இண்டைக்கு வேளைக்கு விட்டிட்டாங்கள்."

அவருடைய குரல்தான். களைத்த குரல். தேத்தண்ணி கேட்கிற குரல்.

ஓட வேண்டும். உள்ளே ஓடி, பின்கதவால் இறங்கி, ஹவ்வா உம்மாவிடம் ஓட வேண்டும். மனம் வரவில்லை. அவளுடைய மனுசன். நான் திறக்காவிட்டால் இவர் வேறு எங்கே போவார்?

அவர் கம்பிகளுக்கு ஊடாகக் கையை உள்ளே நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்தபடி. நடுவிரலில் பேனை பிடித்துப் பிடித்துக் காய்த்த காய்ப்பு. அவள் தன் விரலைக் கொண்டுபோய் அந்த உள்ளங்கையின் நடுவில் மெல்லத் தொட்டாள்.

சுண்டுவிரல் மடிந்தது. பிறகு மோதிரவிரல். பிறகு நடுவிரல். அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, அவளுடைய விரலை உள்ளே வைத்து மூடின. குளிர். ஆற்றுத் தண்ணீரின் குளிர்.

விரியும் என்று நின்றாள். ஓர் உலை கொதிக்கிற நேரம் நின்றாள்.

மற்றக் கையிலிருந்த திறப்பு, தன்பாட்டில், பூட்டைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.